இரண்டு கண் பாலமும் மூன்று பென்சில் கோடுகளும்

மே மாத வெயிலில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே மயிலாப்பூரை மூழ்கடிப்பதற்கு மாதச் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மாமனாரும் நம்பவில்லை. ஏதோ கவர்ன்மென்ட் மாதிரி என்று நினைத்துப் பெண் கொடுத்துவிட்டார்.

தொழில் இதுதான். ஒரு பேட்டையின் தெருக்கள், மழைநீர் வடிகால்கள், அந்த வடிகால்கள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் இருக்கும் சிறுபாலங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ள வேண்டும். எது எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். அப்புறம் அதன் மேல் ஒரு மழையைப் பெய்யவிட வேண்டும். சாஃப்ட்வேர் நிதானமாக யோசித்து, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கலர் போட்டுக் காட்டும். பச்சை என்றால் கால் நனையாது. மஞ்சள் என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் பீரோவைக் காலி செய்ய வேண்டும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் 'மாடல்' என்று பெயர்.

சிறுபாலம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தினமும் அதன் மேல்தான் பைக்கில் போகிறீர்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போவதற்காக வைத்த கான்கிரீட் பெட்டி, அவ்வளவுதான். ஒரு பெட்டி என்றால் ஒரு கண் பாலம், இரண்டு என்றால் இரண்டு கண் பாலம். ஐப்பசி மழையில், முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டே, 'எவன்டா இதை டிசைன் பண்ணினவன்' என்று நீங்கள் திட்டிய அந்த எவன்களில் நானும் ஒருவன். கோபம் வேண்டாம். நானும் மயிலாப்பூரில், கால்வாய்க்குப் பக்கத்தில், வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். என்னுடைய பைக்கையும் நான்தான் தள்ளுகிறேன்.

தி. நகரில் ஒரு சமுத்திரம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. அடையாறில் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். தி. நகரின் ஒரு பகுதியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கண் எரிய உட்கார்ந்து வரைந்து, மழையை விட்டுவிட்டு, மதியம் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால், புடவைக்கடைகள் இருக்கும் தெருவில் ஐம்பத்தெட்டு மீட்டர் தண்ணீர். ஏழு மாடிக் கடையின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியே தண்ணீருக்கு அடியில் இருந்தது. படம் முழுக்க ஒரே செக்கச்சிவப்பு.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. ஒரே ஒரு இடத்தில், வடிகாலின் மட்டம் 6.5 மீட்டர் என்று அடிப்பதற்குப் பதில் புள்ளியை விட்டுவிட்டு 65 என்று அடித்திருக்கிறேன். சாஃப்ட்வேருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. சென்னையில் எங்கேயாவது இருபது மாடி உயரத்தில் வடிகால் இருக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பி, அங்கிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டது.

வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது மேனேஜர் ராகவன் பின்னால் வந்து நின்றார். பரம்பரையாக மயிலாப்பூர்க்காரர். பொறியியலைவிடப் பிரிண்ட்அவுட்டில் அக்கறை உள்ளவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"தண்ணி கிடக்கட்டும்டா, கலர் என்ன பளிச்சுன்னு வந்திருக்கு பாரு! இதை அழிக்காதே, பெரிசா பிரிண்ட் போட்டு ரிசப்ஷன்ல மாட்டு."

சைலன்சர் ஞானம்

எங்கள் தொழிலில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பதை வெளியே சொல்லக் கூடாது. கல்யாண வீட்டில் டாக்டர் மாட்டிக்கொள்வதைப் போல நாங்களும் மாட்டிக்கொள்வோம். நங்கநல்லூரில் தரைத்தளம் வாங்கலாமா, சைதாப்பேட்டையில் மாமியாரை வைக்கலாமா, இந்த வருஷம் மழை லீவு எத்தனை நாள் விடுவார்கள் என்று பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் கேட்பார்கள்.

ஒருமுறை மழையில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல், இந்தத் தெருவில் இவ்வளவு தண்ணீர் நிற்கக் கூடாது, எங்கள் கணக்குப்படி இது காய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லித் தொலைத்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, இறங்கி, பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீ கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு கீறே, நான் சைலன்சர்ல பாத்துக்கினு கீறேன். என்னுது முழுகிப் போச்சு நைனா, எறங்கித் தள்ளு."

பெயிண்டர் போதும்

இனி நான் சொல்லப்போவது தாமரைக்கேணி சந்து விஷயம். மற்றதெல்லாம் வேடிக்கை. இது என்னைத் தூங்கவிடாத விஷயம்.

மழைநீர் வடிகால்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. மயிலாப்பூரில் ஒரு வடிகால். அது தாமரைக்கேணி சந்து வழியாக வந்து, ஒரு ரோட்டை இரண்டு கண் பாலத்தின் அடியில் கடந்து, அதற்குக் கீழே நான் குடியிருக்கும் தெருவோரமாகப் போய், கால்வாயில் விழுகிறது. மழைக்கு முன்னால் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று நாங்கள் பட்டியல் தர வேண்டும். மாடலில் சிவப்பாக வந்த இடம் பட்டியலில் சேரும். பச்சையாக வந்த இடத்தை அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அங்கே இருப்பவர் முங்கினாலும், மாடல்படி அவர் காய்ந்துதான் இருக்கிறார்.

அளவெடுக்கப் போனவர் லோகு. எங்கள் சர்வேயர், சைதாப்பேட்டைக்காரர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு படிவம்: எத்தனை கண், அகலம், உயரம், நிலைமை, தண்ணீர் நுழையும் பக்கம் ஒரு போட்டோ, வெளியேறும் பக்கம் ஒரு போட்டோ. தாமரைக்கேணி சந்துப் பாலத்துக்கு 'இரண்டு கண், நல்ல நிலை' என்று எழுதியிருந்தார். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு கண்ணையும் மாடலில் வைத்தேன். சந்து பச்சைப் பசேல் என்று வந்தது. ராகவன் சாருக்கு ஒரே சந்தோஷம்.

படத்தை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் செயற்பொறியாளர் அம்மாவிடம் போனோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். போன மழையில் எங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டீர்களா என்றார். இல்லை என்றோம்.

"வீடு வீடாப் போய்க் கேட்டு, இதோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு வாங்க. வெறும் பச்சை அடிக்கிறதுக்கு எங்ககிட்டயே பெயிண்டர் இருக்கார்."

கழுத்தளவு

போன மழைத் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று ஊராரிடம் கேட்டுப் பாருங்கள், மனித இனத்தின் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். ஒருவர் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டினார். அப்போது அவர் உட்கார்ந்திருந்தார். ஓர் அம்மாள் டி.வி. வரைக்கும் என்றார். அந்த டி.வி. இப்போது மாடியில் இருக்கிறது. இன்னொரு வீட்டில் கணவர் முழங்கால் என்றார், மனைவி இடுப்பு என்றார். சண்டை முற்றி, பழைய நகை விஷயத்துக்குப் போனபோது நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால் அளக்கலாம். ஆனால் நம்மவர்கள் பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடுகிறார்கள். எங்கள் தொழிலுக்குப் பொங்கல் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு பழைய அடுக்குமாடியில் மாமா ஒருவர் கதவைத் திறந்தார். தரைத்தளம். சுவரில் முட்டியளவுக்குக் கறை பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. நான் டேப்பை எடுத்ததும் அவர் குறுக்கே வந்து, கறையை மறைத்தாற்போல நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்காத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரலைன்னு எழுதிக்கோ. ஞாயித்துக்கிழமை பிளாட்டைப் பாக்க ஆள் வரா."

பீரோக் கதவு

தாமரைக்கேணி சந்துக்கு நான் கடைசியாகத்தான் போனேன். பச்சை இடம்தானே, என்ன அவசரம்? சந்தின் கடைசியில், பாலத்துக்கு மேல்பக்கத்தில், ஒரு மெத்தைக் கடை. இஸ்மாயில் பாய் கடை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை எல்லாம் கையால் தைக்கிறவர். பின்பக்கம் வீடு, முன்பக்கம் கடை. கூரை வரை பஞ்சு மூட்டை, தரையில் ஒரு மூட்டைகூட இல்லை. எல்லாம் பெஞ்சு மேல், பெஞ்சுக்கு அடியில் செங்கல்.

தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். பாய் கையை எங்கேயும் வைத்துக் காட்டவில்லை. எழுந்துபோய் மர பீரோவைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, மணி. மூன்று வருஷத்து மழை. வெளியே போட்டால் வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துவிடுவார் என்று உள்ளே போட்டிருக்கிறார். மேல் கோடு போன வருஷத்தது. நான் நின்று பார்த்தேன், என் இடுப்புக்கு வந்தது. எங்கள் தொழிலில் இந்த மாதிரி ஒரு கதவு கிடைத்தால் கும்பிட்டுவிட்டு அளக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? லேப்டாப்பைத் திறந்து பாயிடம் காட்டினேன். அதே மழைக்கு இந்த இடத்தில் எங்கள் மாடலில் கால்கூட நனையாது, நீங்கள் கோட்டைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள், அலை அடித்திருக்கும், பதற்றத்தில் கை மேலே போயிருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பாய் கோபப்படவில்லை. பஞ்சு ஒரு தடவை நனைந்தால் காய்ந்தாலும் வாடை போகாது, அதில் ஒரு மனுஷன் முகத்தை வைத்துப் படுக்க வேண்டும் அல்லவா, அதனால் போன வருஷம் அத்தனை மூட்டையையும் குப்பை வண்டியில் ஏற்றினேன் என்று சாதாரணமாகச் சொன்னார். இந்த மழைக்கும் உள்ளே வந்துவிட்டால் கடையை மூடிவிட்டு வாணியம்பாடியில் இருக்கும் மச்சானிடம் போய்விடுவதாக வீட்டில் முடிவு செய்துவிட்டார்களாம். அப்புறம் என் லேப்டாப்பை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"அப்ப தப்பு என்னுதுதான் சார். தண்ணி வந்தப்ப உங்க கம்ப்யூட்டர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு உள்ள வுட்டிருக்கணும்."

மூக்கு செய்த முடிவு

ஆபீசுக்கு வந்து லோகுவின் படிவத்தை மறுபடி எடுத்தேன். தண்ணீர் நுழையும் பக்கத்துப் போட்டோவில் இரண்டு கண், ஒரு மஞ்சள் பூனை. வெளியேறும் பக்கத்துப் போட்டோவிலும் இரண்டு கண், அதே மஞ்சள் பூனை, அதே இடத்தில், அதே காலைத் தூக்கிக்கொண்டு. ஒரே போட்டோவை இரண்டு கட்டத்திலும் ஒட்டியிருக்கிறார். அதன் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கையெழுத்து. என்னுடையது.

மறுநாள் காலையில் லோகுவை இழுத்துக்கொண்டு பாலத்தின் வெளியேறும் பக்கம் இறங்கினேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. நுழையும் பக்கம் இரண்டு கண். வெளியேறும் பக்கம் ஒன்றுதான். இன்னொரு கண்ணை மேலிருந்து கீழ்வரை செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். எப்போதோ ஏதோ குழாய் வேலைக்காகத் தற்காலிகமாக வைத்த சுவராம், எதிரே இருந்த பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அவர் கடை வைத்த காலத்திலிருந்தே தற்காலிகமாகத்தான் இருக்கிறதாம். ஆக, இரண்டு கண்ணில் நுழையும் தண்ணீர் ஒரு கண்ணில்தான் வெளியே வர முடியும். மிச்சம் திரும்பி, சந்துக்குள் ஏறி, பாயின் பஞ்சுக்குப் போகிறது.

நான் லோகுவைப் பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் பூனையைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவன் எந்த வாயால் திட்டுவது? லோகு கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார்.

"இந்தாண்ட நாத்தம் தாங்கல சார். அந்தாண்ட ரெண்டு கண்ணு கீதுன்னா இந்தாண்டயும் ரெண்டு தான இருக்கோணும், நடுவுல எங்க சார் போயிடப் போவுது?"

அப்போ புகார் வராது

ஒரு கண்ணை அடைத்துவிட்டு மாடலை மறுபடி ஓடவிட்டேன். சந்து சிவப்பாக வந்தது. பாய் கடையில் எவ்வளவு என்று பார்த்தேன். பீரோக் கதவின் மேல் கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டு விரல்கடை. எங்கள் அறுபது பக்க ரிப்போர்ட் சொல்லாததைப் பென்சில் கோடு சொல்லிவிட்டது.

ராகவன் சாருக்குச் சிவப்பு பிடிக்கவில்லை. பச்சைச் சந்து என்று ஏற்கெனவே காட்டியாயிற்று, இப்போது மாற்றினால் நம்மை என்ன நினைப்பார்கள் என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். முழங்காலில் ஆரம்பிக்கும் சிவப்பை நெஞ்சில் ஆரம்பிக்கிறாற்போல் மாற்றிவிட்டால் சந்து தானாக மஞ்சளாகிவிடும், தண்ணீரைத் தொடவே வேண்டாம். இந்த வைத்தியத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டோம். நான் மாட்டேன் என்றேன்.

ரொம்பவும் மெச்சாதீர்கள். அடுத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அடைத்த கண்ணைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாடலை இன்னொரு முறை ஓடவிட்டேன். சந்து பச்சையாயிற்று. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே? பாலத்துக்குக் கீழே இருக்கும் வடிகால் சின்னது. ஒரு தெரு பச்சையிலிருந்து மஞ்சளாயிற்று, ஒரு சாண் தண்ணீர். என் தெரு. பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கார் பார்க்கிங். அங்கே என் மனைவி கலாவின் ஸ்கூட்டர், வாங்கி நான்கு மாதம்.

ஒரு பத்து நிமிஷம் நான் அந்தச் செங்கல் சுவரை நேசித்தேன். இத்தனை வருஷம் என் தெருவை நனையாமல் காப்பாற்றியது அதுதான். பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை தானாக வந்து போய்விடும். ஆனால் பாய் பெஞ்சுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது. இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு செயற்பொறியாளர் அம்மாவிடம் போனேன். பூனைப் போட்டோவையும் காட்டினேன், என் கையெழுத்தையும் காட்டினேன். பீரோக் கதவின் படத்தை மட்டும் அவர் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மஞ்சள் தெருவின் மேல் விரலை வைத்து, திறந்தால் இங்கே ஒரு சாண் ஏறுகிறதே, கீழ் வடிகாலை அகலப்படுத்துவதை அடுத்த வருஷப் பட்டியலில்தான் சேர்க்க முடியும், அதுவரை இங்கே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா, யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா என்றார். நான் இருக்கிறேன் மேடம் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்போ புகார் வராது. திறந்துடலாம்."

மேஸ்திரியின் தீர்ப்பு

திறக்கும் நாளில் நானும் போய் நின்றேன். எங்கள் பக்கம் நான்கு கம்ப்யூட்டர், மூன்று பொறியாளர், ஒரு மேனேஜர். அந்தப் பக்கம் ஒரு மேஸ்திரி, ஒரு கடப்பாரை. காலையில் ஆரம்பித்தார். பத்தரை மணி டீக்கு முன்னால் சுவர் இல்லை. சேறு குபுகுபுவென்று கீழே போயிற்று. பாய் மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடியே இருந்தார்.

மேஸ்திரி மேலே ஏறி வந்து, கால் கழுவிக்கொண்டு, இதற்கு யார் ஆர்டர் போட்டது என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாக, ஆறு மாதமாக நாங்கள் மாடல் பண்ணிக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஆறு மாசமா? குனிஞ்சி பாத்திருந்தா ஆறு நிமிசம் சார்."

மஞ்சள் வீடு

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பாயையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாடலில் ஆயிரம் மழை பெய்யவிட்டிருக்கிறேன், ஒன்றுக்குக்கூட இப்படி ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. இன்னொரு புள்ளியை எங்கேயாவது விட்டிருப்பேனா? இன்னொரு பூனை எங்கேயாவது இருக்குமா? இனி வராது என்று நான் சொன்னதை நம்பி அந்த மனுஷன் மூட்டையைக் கீழே இறக்கியிருப்பாரா?

எட்டு மணிக்குக் கலா கூப்பிட்டாள். இறங்கிப் போனேன். பார்க்கிங்கில் தண்ணீர். ஸ்கூட்டரின் பாதிச் சக்கரம் தெரியவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு நின்றாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஸ்கூட்டரைத் தள்ளியிருக்க வேண்டும். பாக்கெட்டில் டேப் இருந்தது. எடுத்துத் தூணோரம் அளந்தேன். சரியாக ஒரு சாண். மாடலில் என்ன வந்ததோ அதே. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"ஏங்க, ஸ்கூட்டர் முங்கிக்கிட்டு இருக்கு, நீங்க சிரிக்கிறீங்களா? இது வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் வாளியைத் தேடினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் நான் வாளியால் இறைத்தேன், அவள் துடைப்பத்தால் தள்ளினாள்.

பத்து மணிக்குப் பாயிடமிருந்து போன். ஈரக்கையோடு எடுத்தேன். குரலே வேறு மாதிரி இருந்தது. தண்ணீர் வாசற்படி வரை வந்து, அப்படியே நின்று, இறங்கிவிட்டதாம். ஒரு மூட்டைகூட நனையவில்லையாம். மச்சானுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றியது. பின்னால் கலா வாளியை டமாரென்று வைத்தாள். சத்தம் என்ன என்று பாய் கேட்டார். எங்கள் வீட்டில் தண்ணீர் என்றேன். திறந்துவிட்ட கண்ணின் தண்ணீர்தான் இங்கே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அடடா... நம்ம வீட்டுத் தண்ணியா அது? சார், உங்க பீரோ மரந்தானே? கோடு போட நம்ம பென்சிலைக் குடுத்தனுப்பவா?"

இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு தெருவின் தண்ணீரை வெளியேற்றுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது, அது அடுத்து யார் வீட்டுக்குப் போகிறது என்று மட்டும் பார்க்காமல் இருந்தால்.